வழக்கில் இடம்பெறாத மூன்றாமவர்

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் ஒரு வாதத்தோடு தொடங்குகிறது. கணவன் தன் மனைவியை விலக்கிவிடுவது முறையா என்று பரிசேயர் இயேசுவைச் சோதிக்கும் நோக்கத்தோடு கேட்கின்றனர். மோசேயின் கட்டளை, மணவிலக்குச் சான்று, படைப்பின் தொடக்கத்தில் இறைவன் கொண்ட திட்டம் என்று உரையாடல் செல்கிறது. வீட்டுக்குள் வந்த பின்னும் சீடர் அதைப் பற்றியே வினவுகின்றனர். அந்த வாதம் முடிந்தவுடன், இடைவெளியே இல்லாமல், மக்கள் சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். சீடர் அவர்களை அதட்டுகின்றனர். இயேசு சினம் கொண்டு சீடரைக் கடிந்து, பிள்ளைகளை அரவணைத்து ஆசி வழங்குகிறார். மத்தேயுவும் தம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இதே வரிசையைக் காத்திருக்கிறார்.

பொதுக்காலத்தின் 27ஆம் ஞாயிறன்று, இரண்டாம் ஆண்டில், இப்பகுதி திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. வாசக நூல் இதற்கு இரண்டு வடிவங்களைத் தருகிறது. நீண்ட வாசகம் 16ஆம் வசனம் வரை செல்லும். குறுகிய வாசகம் 12ஆம் வசனத்தோடு நின்றுவிடும். நேரம் கருதிக் குறுகியதைத் தேர்ந்துகொண்டால் மணவிலக்கு பற்றிய வாதம் மட்டுமே இறைமக்களின் காதில் விழும். பிள்ளைகள் கோவிலுக்கு வெளியே நின்றுவிடுவர்.

மணமுறிவு பற்றிய நம் நாட்டுச் சட்ட வரலாறும் நெடுங்காலம் இக்குறுகிய வாசகமாகவே இருந்தது. கணவன் யார், மனைவி யார், குற்றம் யாருடையது என்று அது கேட்டது. அவ்விருவருக்கும் நடுவே நின்ற மூன்றாமவரை அது மிகவும் தாமதமாகவே கண்டுகொண்டது. அவ்வரலாற்றின் சில பக்கங்கள் நம் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எழுதப்பட்டவை. மணமுறிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்று நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை அறிய அப்பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும்.

1869ஆம் ஆண்டுச் சட்டம்

கிறிஸ்தவர்களுக்கான இந்திய மணமுறிவுச் சட்டம் 1869-ல் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1857-ல் வந்த சட்டத்தின் அடியொற்றி உருவானது அது. மனைவி கற்பு தவறினாள் என்று மெய்ப்பித்தால் போதும், கணவன் மணமுறிவு பெறலாம். மனைவிக்கோ கணவனின் பிறன்மனை நாட்டம் மட்டும் போதாது. அதனோடு கொடுமையோ, இரண்டாண்டுகளுக்கு மேல் கைவிட்டுச் சென்றதோ, வேறு கடும் குற்றமோ சேர்ந்திருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் அமர்ந்து உறுதி செய்யும் வரை அது நிலைபெறாது. இருவரும் மனமொத்துப் பிரியும் வழி அச்சட்டத்தில் இல்லை.

பிள்ளைகளைப் பற்றி அச்சட்டம் முற்றிலும் வாய் மூடியிருந்தது என்று சொல்ல முடியாது. அவர்களுடைய பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்து நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று சில பிரிவுகள் கூறின. ஆனால் அதே சட்டம் யாரைச் சிறுவர் என்று அழைத்தது? இந்தியத் தந்தையருக்குப் பிறந்தவர்களானால், ஆண் பிள்ளை 16 வயது வரை; பெண் பிள்ளை 13 வயது வரை மட்டுமே. மற்றவர்களின் பிள்ளைகளுக்கு, மணமாகாதிருந்தால், அவ்வரம்பு 18. பதின்மூன்று வயது நிறைந்த ஓர் இந்தியக் கிறிஸ்தவச் சிறுமி அச்சட்டத்தின் கண்ணுக்குச் சிறுமியாகத் தோன்றவில்லை. வீடு, நிலம், நகை ஆகியவற்றுக்குத் தீர்வு சொல்வது போலவே பிள்ளைகளுக்கும் தீர்வு சொன்னது அச்சட்டம். பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்கும் ஒரு வரி அதில் இல்லை.

கணவனுக்கும் மனைவிக்கும் இருந்த வேறுபாட்டை இங்கிலாந்தே 1923-ல் நீக்கிவிட்டது. இந்து சமயத்தாருக்கு, அன்றைய சென்னை மாகாணம் 1949-ல் மணமுறிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1955-ல் நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் வந்தது. 1976-ல் மனமொத்த மணமுறிவு அதில் சேர்ந்தது. அதற்கு முன்பே பல சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இந்தியக் கிறிஸ்தவப் பெண் மட்டும் 2001 வரை காத்திருந்தாள். கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1995-ல் பழைய சட்டத்தின் அநீதியான பகுதிகளைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றம் 2001-ல் சட்டத்தைத் திருத்தி, இருவருக்கும் ஒரே காரணங்களை வகுத்து, மனமொத்த மணமுறிவுக்கும் இடம் தந்தது. நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்த இந்த வாதம் பெரிதும் கணவனையும் மனைவியையும் பற்றியதாகவே இருந்தது.

அடையாற்றுச் சிறுவர் இருவர்

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்ற குரல் எழுந்த பழைய வழக்குகளுள் ஒன்று அடையாற்றில் தோன்றியது. அது மணமுறிவு வழக்கன்று. ஆயினும் பெரியவர்களின் பிணக்கில் சிறுவர் படும் பாட்டை அதனைப்போல் தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது.

1909-ல் ஜிட்டு நாராயணையா என்னும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் தாயை இழந்த தம் மகன்களோடு அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் வளாகத்தருகே குடியேறினார். அச்சிறுவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி; மற்றவர் அவருடைய தம்பி நித்யானந்தா. கிருஷ்ணமூர்த்தி உலக ஆசானாக விளங்கப் போகிறவர் என்று சபையினர் நம்பினர். 1910-ல் தந்தை இருவரின் காப்பாளர் பொறுப்பையும் எழுத்து மூலம் அன்னி பெசண்ட் அம்மையாரிடம் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி, மகன்களைத் திரும்பக் கேட்டு 1912-ல் வழக்குத் தொடுத்தார். அப்போது சிறுவர்கள் இங்கிலாந்தில் இருந்தனர். செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தையின் சார்பில் சி. பி. ராமசாமி ஐயர் வாதிட்டார். பெசண்ட் அம்மையார் தம் வழக்கைத் தாமே நடத்தினார்.

1913-ல் உயர் நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. செங்கற்பட்டு நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமே நாம் நினைவில் கொள்ளத்தக்கது. சிறுவர்கள் இருவரும் வழக்கில் ஒரு தரப்பினராக இல்லை. அவர்கள் சார்பில் பேசவும் எவரும் இல்லை. அவர்களுடைய நலனும் விருப்பமும் உரியவாறு ஆராயப்படவில்லை என்று பிரிவி கவுன்சில் சுட்டிக்காட்டியது.

பிரம்மஞான சபையின் கொள்கைகளில் நமக்கு உடன்பாடு இல்லை. தந்தையின் வேதனையையும் நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் இவ்வழக்கு ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. இரண்டு ஆண்டுகள், மூன்று நீதிமன்றங்கள், நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர்கள், நாளிதழ்களில் பக்கம் பக்கமாகச் செய்திகள். இத்தனைக்கும் நடுவே அச்சிறுவர்களை எந்த நீதிமன்றமாவது அழைத்து ஒரு சொல் கேட்டதா? 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், சிறுவர் அறிவோடு விருப்பம் கூறும் வயதினராக இருந்தால் அதைக் கருதலாம் என்று அப்போதே சொல்லியிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்தது நடைமுறைக்கு வரவில்லை.

மயிலையில் தோன்றிய ஒரு சிந்தனை

அடையாற்று வழக்கு முடிந்து கால் நூற்றாண்டு நிறைவதற்குள், 1937-ல், மயிலாப்பூரில் ஒரு பெண்மணி ஆந்திர மகிளா சபையைத் தொடங்கினார். பின்னாளில் துர்காபாய் தேஷ்முக் என்று அறியப்பட்டவர் அவர். எட்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டு, பதினைந்து வயதில் அம்மணத்தினின்று விலகியவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்பு சட்டம் பயின்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானவர். படிப்பைத் தொடர இயலாமற் போன பெண்கள் தேர்வெழுதித் தம் காலில் நிற்க அச்சபை வழிசெய்தது. அதன் பணி பின்னர் அடையாற்றிலும் பரவியது. அவர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார்.

அதே ஆண்டில் சீனாவுக்குச் சென்று திரும்பிய அவர், குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். பிரதமர் நேருவிடமும் நீதிபதிகளிடமும் அதைப் பற்றிப் பேசினார். 1974-ல் சட்ட ஆணையமும் குடும்ப வழக்குகளை மற்ற வழக்குகளைப் போல் நடத்தலாகாது என்று பரிந்துரைத்தது. 1981-ல் துர்காபாய் மறைந்தார். 1984-ல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் உட்கருத்தை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. முதலில் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை. குடும்ப ஆலோசகர்கள் உண்டு. சமூக நல அமைப்புகளின் துணையை நாடலாம். இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். வழக்கறிஞர் மூலம் வாதிடுவது அங்கே தானாகக் கிடைக்கும் உரிமையன்று. சண்டைக்களத்தைச் சற்றே பேச்சுக்களமாக்க எடுத்த முயற்சி இது. சென்னையின் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அமைந்தன. 2005-ல் அதே வளாகத்தில் சமரச மையமும் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களுள் இந்தியாவில் முதலாவது அது.

பிள்ளையின் குரலும் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுச் சிறார் உரிமை உடன்படிக்கை, பெற்றோர் பிரிந்தாலும் இருவரோடும் நேரடி உறவு கொள்வது பிள்ளையின் உரிமை என்றது. திருப்பீடம் 1990-லும் இந்தியா 1992-லும் அதை ஏற்றன. 2015-ல் இந்தியச் சட்ட ஆணையம், பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பரிந்துரைத்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் அன்பையும் பெறுவது பிள்ளையின் உரிமை என்று ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவு, மகளைப் பார்க்க வரும் தந்தையைத் தாய் விருந்தினரைப் போல் வரவேற்க வேண்டும் என்றது. நீதிமன்றம் விருந்தோம்பலைக் கட்டளையிட வேண்டிய நிலை வந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

திருச்சபையின் நிலை

மணவுறவு முறியாதது என்பது ஆண்டவரின் போதனை. அதை மாற்றவோ மழுப்பவோ திருச்சபைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அப்போதனையின் பெயரால் நம் பங்குகளில் உலவும் தவறான எண்ணங்கள் சில பிள்ளைகளைப் புண்படுத்துகின்றன. அவற்றைக் களைவது நம் கடமை.

முதலாவது: நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றவர் நற்கருணை வாங்கக் கூடாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மணமுறிவு பெற்று, மறுமணம் செய்யாமல் வாழ்கிறவருக்கு அருளடையாளங்களில் பங்குபெற அந்நிலையே தடையாகாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில் கூறினார். மறுமணம் செய்துகொண்டவர்களும் திருச்சபையினின்று துண்டிக்கப்பட்டவர்கள் அல்லர் என்றும், தம் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க வேண்டியவர்கள் என்றும் அதே உரை அறிவுறுத்துகிறது. இதை அறியாத தாய் ஒருத்தி ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்தினால், அவள் கையைப் பிடித்து வரும் பிள்ளையும் நின்றுவிடுகிறது.

இரண்டாவது: திருச்சபை நடுவர் மன்றம் ஒரு திருமணம் செல்லாது என்று அறிவித்துவிட்டால் அதில் பிறந்த பிள்ளைகள் முறையற்றவர்கள் ஆகிவிடுவர் என்ற அச்சம். பெற்றோருள் ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1137ஆம் எண் உறுதி கூறுகிறது. பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோருக்கு நினைவூட்டவும் நடுவர் மன்றம் கடமைப்பட்டுள்ளது. 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இவ்விசாரணை முறையை எளிதாக்கினார். திருச்சபையின் இவ்வறிவிப்புக்குக் குடிமைச் சட்டத்தில் பலன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்த்துவிட்டதால் நம் குடும்பங்கள் இரண்டு வாசல்களிலும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டுகளெல்லாம் பிள்ளையின் குழந்தைப் பருவத்திலிருந்து கழிகின்றன.

மூன்றாவது: இத்தகைய குடும்பங்களுக்கு ஆதரவு காட்டினால் மணமுறிவை ஊக்குவிப்பதாகிவிடும் என்ற தயக்கம். 2016-ல் வெளியான ‘அன்பின் மகிழ்வு’ என்னும் ஊக்கவுரை இதற்கு விடை தருகிறது. பிள்ளையைப் பிணைக்கைதியாக்கலாகாது என்று பெற்றோரை எச்சரிக்கும் அவ்வுரை, பெரும்பாலும் மௌனமாகத் துன்புறும் அப்பிள்ளைகளுக்காகத் திருச்சபை குரல் எழுப்பாமல் இருக்க முடியாது என்றும் கூறுகிறது. பிள்ளைகளைத் தடுத்த சீடர்களும் ஒருவகை ஒழுங்கைக் காப்பதாகத்தான் எண்ணியிருப்பர். அவர்கள்மீதுதான் இயேசு சினம் கொண்டார்.

நாம் செய்யத்தக்கவை

மணமுறிவு பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றி அமெரிக்காவில் நெடிய ஆய்வுகள் நடந்துள்ளன. ஜூடித் வாலர்ஸ்டைன் 1971-ல் கலிபோர்னியாவில் 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளோடு தொடங்கி 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வளர்ந்து தாம் மணம் செய்யும் பருவத்திலும் அக்காயம் வலிக்கிறது என்று கண்டார். மேவிஸ் ஹெதரிங்டன் ஏறத்தாழ 1,400 குடும்பங்களை ஆராய்ந்து, இப்பிள்ளைகளுள் நாலில் மூன்று பங்கினர் காலப்போக்கில் நன்றாகவே தேறிவிடுகின்றனர் என்றார். இருவரும் முடிவுகளில் மாறுபட்டாலும், பெற்றோரின் பகை பிரிவுக்குப் பின்னும் தொடர்ந்தால் பிள்ளைக்கு அது பெருந்தீங்கு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே பிரிவைத் தடுக்க முடியாத இடத்திலும் பகையைத் தணிக்க முடியும். அங்கேதான் நம் பணி தொடங்குகிறது.

பிள்ளையைச் சாட்சியாக்கலாகாது. ‘உன் அப்பா வீட்டில் யார் வந்தார்கள்?’, ‘உன் அம்மா என்ன சொன்னாள்?’ என்று கேட்பவர் பெற்றோர் மட்டும் அல்லர்; தாத்தாவும் பாட்டியும் பக்கத்து வீட்டாரும்கூடத்தான். பிள்ளையைத் தூதனாக்கலாகாது. பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்ற செய்தியை அதன் வாயிலாகச் சொல்லி அனுப்பக் கூடாது. பிள்ளையிடம் உண்மையை அதன் வயதுக்கேற்பச் சொல்ல வேண்டும்: இப்பிரிவு உன்னால் வந்ததன்று, நாங்கள் இருவரும் உனக்குத் தாய் தந்தையாகவே இருப்போம். சொன்னால் மட்டும் போதாது. மறுவாரம் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கவும் வேண்டும்.

நம் தமிழ்க் குடும்பங்களில் மணமுறிவு தம்பதியரோடு நிற்பதில்லை. சம்பந்தி வீடுகள் இரண்டும் பேச்சை நிறுத்திக்கொள்கின்றன. தாயோடு வளரும் பிள்ளைக்குத் தந்தையோடு அத்தையும் சித்தப்பாவும் தாத்தாவும் ஒரே நாளில் இல்லாமற் போகின்றனர். தந்தையோடு வளரும் பிள்ளைக்குத் தாய்மாமன் முறை செய்ய ஆள் இல்லை. நீதிமன்றம் பெற்றோருக்குப் பார்க்கும் நேரம் குறிக்கலாம்; அத்தைக்கும் மாமனுக்கும் யார் குறிப்பது? பிறந்தநாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு புத்தாடை என்று இவ்வுறவை விடாமல் காப்பது பெரியவர்களின் கையில் இருக்கிறது. அதற்கு எந்தத் தீர்ப்பும் தடையில்லை. திருமுழுக்கில் வாக்குக் கொடுத்த ஞானப் பெற்றோருக்கும் இப்போதுதான் உண்மையான வேலை வருகிறது.

பங்கிலும் செய்யத்தக்கன உண்டு. வார நாள்களில் தி. நகரில் தாயோடும், மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் அடையாற்றில் தந்தையோடும் இருக்கும் பிள்ளை, மறைக்கல்வி வகுப்பில் பாதி நாள் வராதவனாகக் குறிக்கப்படுகிறான். இரண்டு பங்குகளும் பேசிக்கொண்டால், அங்கு பெற்ற வருகையை இங்கு ஏற்றுக்கொள்ளலாம். புதுநன்மை நாளில் பெற்றோர் இணைந்து நிற்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், யார் உடன் வருவது என்பதை முன்னதாகத் தனியே கேட்டறியலாம். விண்ணப்பத் தாளில் ஓர் இடம் காலியாக இருந்தால், வகுப்பின் நடுவே உரக்க அதன் காரணம் கேட்க வேண்டாம். அன்பியக் கூட்டத்தில் அக்குடும்பத்தின் கதையைச் செபக் கருத்தாக்கி அலச வேண்டாம். அக்குடும்பத்தின் வீட்டிலும் ஒரு முறை கூட்டம் வைக்கலாம். அடி உதை உள்ள வீட்டுக்குத் திரும்பிப் போ என்று எப்பெண்ணிடமும் பிள்ளையின் பெயரால் சொல்ல வேண்டாம். தாயின் உடலில் விழும் அடி பிள்ளையின்மீதும் விழுகிறது.

தொடக்க நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் வீட்டிலிருந்து ஆகார் அப்பமும் ஒரு தோற்பை தண்ணீருமாக அனுப்பப்படுகிறாள். தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையைப் புதரடியில் கிடத்திவிட்டு, அதன் சாவைக் காணப் பொறாமல் தொலைவில் அமர்ந்து அழுகிறாள். அழுதவள் தாய்; ஆனால் இறைவன் சிறுவனின் குரலைக் கேட்டார் என்கிறது மறைநூல். பிறகு அவளுடைய கண்கள் திறக்கப்பட்டு அருகிலேயே ஒரு கிணற்றைக் காண்கிறாள். கிணறு தொலைவில் இருக்கவில்லை.

பொதுக்காலத்தின் அந்த 27ஆம் ஞாயிறு அடுத்து 2027 அக்டோபரில் வரும். அன்று குருக்கள் நீண்ட வாசகத்தையே தேர்ந்துகொள்ளட்டும். அதுவரை காத்திராமல், நம் அன்பியத்தில் இத்தகைய பிள்ளை யார் என்று அமைதியாக அறிந்து, அதன் அத்தையோ மாமனோ ஞானத் தாயோ இந்த மாதம் அதைப் பார்த்தார்களா என்று கேட்பது நம் ஒவ்வொருவராலும் இயலும்.